இடித்த காங்கிரீட்டும் மில் சாம்பலும்: நெற்களம் போட ஒரு முழு வழிகாட்டி

சம்பா அறுப்பு நேரத்தில் மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், ரோட்டில் பாதி நெல்லுக்கு, பாதி வண்டிக்கு. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் கேட்பார்கள். அந்தப் பதத்துக்குக் கொண்டுவர வெயிலும் வேண்டும், நெல்லைப் பரப்ப ஒரு தளமும் வேண்டும். சொந்தக் களம் போடலாம் என்று கிளம்புகிறவர்கள் ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட் விலையைக் கேட்டதும் அடுத்த போகத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அதே ஊரில் வாய்க்கால் கரையோரம் இடித்த வீட்டின் காங்கிரீட் துண்டுகள் கிடக்கும். புழுங்கல் அரிசி மில்லுக்குப் பின்னால் உமிச் சாம்பல் மேடாகக் குவிந்து, காற்றடித்தால் கண்ணில் விழும். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல களம் போட முடியும். 1000 சதுர அடி, 4 அங்குலத் தடிமன் என்று வைத்துக்கொண்டு, அதை எப்படிச் செய்வது என்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

வேறு வேலை எதையும் எடுக்காமல் களத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. களத்தில் கம்பி கிடையாது. பலம் ஒரு பங்கு குறைந்து போனாலும் தலையில் எதுவும் விழாது. கழிவுப் பொருளை வைத்துக் கை பழக இதுதான் சரியான இடம். கால்நடைக் கொட்டகைத் தரை, நடைபாதை, அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் பி.சி.சி. (கம்பி இல்லாத சாதாரணக் காங்கிரீட்) ஆகியவையும் இந்த வகைதான். வீட்டின் காலம் (தூண்), பீம், மேல்தளத்துக்கு இதையே செய்ய ஆசைப்பட்டால், டிசைன் போட்ட இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் தொட வேண்டாம்.

எதில் என்ன மிச்சமாகிறது

சாம்பலும் இடிபாடும் செய்யும் வேலை வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

காங்கிரீட்டின் பாவக் கணக்கில் பெரும்பங்கு சிமெண்டுடையது. அரியலூர், டால்மியாபுரம் பக்கம் வெட்டும் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரியில் சுட்டுத்தான் கிளிங்கர் (சிமெண்டாக அரைபடும் கட்டி) எடுக்கிறார்கள். எரிபொருள் புகை ஒரு பக்கம் இருக்க, சுண்ணாம்புக்கல்லே உடையும்போது கார்பன் டை ஆக்ஸைடை வெளியே விடுகிறது. இரண்டும் சேர்ந்து, ஒரு டன் கிளிங்கருக்கு 0.8 முதல் 0.9 டன் வரை வரும். ஆகவே சிமெண்டை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுதான் நிஜமான பசுமை. அந்த வேலையைச் செய்வது சாம்பல்.

ஜல்லியில் புகைக் கணக்கு சின்னது. ஆனால் டெல்டாவில் பாறையே இல்லை. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் குவாரியிலிருந்து லாரியில்தான் வர வேண்டும். இடித்த காங்கிரீட்டை உடைத்துப் போட்டால் மிச்சமாவது மலையும் லாரி வாடகையும். பலம் கூடாது, கொஞ்சம் குறையவே செய்யும். அந்தக் குறையைச் சாம்பலும் குறைந்த தண்ணீரும் ஈடுகட்ட வேண்டும். ‘கழிவைச் சேர்த்தாலே பலம் கூடும்’ என்று யாராவது விற்க வந்தால் கியூப் டெஸ்ட் (காங்கிரீட் கட்டியை மெஷினில் உடைத்துப் பலம் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

சாம்பலைப் பார்த்து வாங்குவது

நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். சாம்பலில் 85 முதல் 90 சதவீதம் சிலிக்கா. சிமெண்டில் தண்ணீர் பட்டதும் கெட்டிப்படும் பசை உண்டாகிறது, கூடவே கொஞ்சம் சுண்ணாம்பும் உபரியாக மிஞ்சுகிறது. இந்த உபரிச் சுண்ணாம்பால் பலத்துக்கு லாபமில்லை. சிலிக்கா அதைப் பிடித்து இன்னும் கொஞ்சம் பசையாக மாற்றி, நுண்துளைகளை அடைக்கிறது. பழைய வீடுகளில் செங்கல் தூளைச் சுண்ணாம்போடு அரைத்துப் போட்ட சுர்க்கிச் சாந்திலும் இதே வேலைதான் நடந்தது.

எல்லாச் சாம்பலும் இப்படி வேலை செய்யாது. 700 டிகிரிக்குள் எரிந்து, உமிக் கரியும் நன்றாகத் தீர்ந்த சாம்பல்தான் நல்லது. அது இளஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். சூடு எக்கச்சக்கமாக ஏறினால் சிலிக்கா படிகமாகிவிடும். வெள்ளையாகவோ லேசான ரோஸ் நிறமாகவோ பார்க்க அழகாக இருக்கும், சுண்ணாம்போடு மட்டும் சேராது. கன்னங்கரேல் என்று இருந்தால் எரியாத கரி நிறைய இருக்கிறது என்று பொருள். கரி தண்ணீரைக் குடிக்கும், ஊற்றும் பிளாஸ்டிசைசரையும் (குறைந்த தண்ணீரிலேயே கலவையை இளக்கும் மருந்து) குடிக்கும்.

மில்லுக்குப் போகும்போது ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துப் போங்கள். ஒரு ஸ்பூன் சாம்பலைத் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே கரி ஆடையாக மிதந்தால், விரலில் மை மாதிரி ஒட்டினால், அந்தக் குவியலை விட்டுவிடலாம். இது கண்மதிப்புச் சோதனைதான். நிறைய வாங்குவதாக இருந்தால் சிவில் லேபில் கொடுத்து, சூடாக்கினால் எடை எவ்வளவு இழக்கிறது, சுண்ணாம்போடு எவ்வளவு வினைபுரிகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஒரே மில்லில் காலையில் எடுத்த சாம்பலும் மாலையில் எடுத்ததும் வேறுபடும். பாய்லரில் காற்று எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது அது. ஆகவே வேலைக்குத் தேவையான மொத்தத்தையும் ஒரே தடவை எடுத்து, கலந்து, தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள்.

அடுத்தது அரைப்பது. இதில் சமரசமே கூடாது. மில்லிலிருந்து வரும் சாம்பல் உமியின் வடிவத்திலேயே, சிறு சிறு எலும்புக்கூடாக இருக்கும். அப்படியே போட்டால் தண்ணீரை உறிஞ்சும், பலம் தராது. பால் மில்லில் (உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் அரைவை இயந்திரம்) சிமெண்டை விட நைசாக அரைக்க வேண்டும். மாவு மில்லில் அரைக்கக் கொண்டுபோகாதீர்கள். அங்கே நாளைக்கு யாரோ ஒருவர் கேழ்வரகு அரைப்பார். அரைத்த சிலிக்காத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, தூசுக்கான மாஸ்க் வேண்டும். சித்தாள்களுக்கும் அதை வாங்கிக் கொடுங்கள்.

அரைக்க வசதி இல்லையா? சரி, அதற்கும் வழி இருக்கிறது. கடையில் பிபிசி (போர்ட்லண்ட் போசோலானா சிமெண்ட்) மூட்டை வாங்குங்கள். அதில் அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை ஃபாக்டரியிலேயே கலந்துதான் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் பிபிசி வாங்கிவிட்டு அதன் தலையில் உமிச் சாம்பலும் கொட்டினால், சாம்பல் கூடி சிமெண்ட் குறைந்து, முதல் வாரம் தளம் நகக்கீறலுக்கே பெயரும். உமிச் சாம்பல் போடுவதென்றால் ஓபிசி (சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட்) மூட்டை கேளுங்கள், மூட்டையில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடமென்றால் ஸ்லாக் சிமெண்ட் இன்னும் பொருத்தம். இரும்பு ஆலைக் கசடை அரைத்துக் கலந்த அந்த சிமெண்ட், உப்பு உள்ளே நுழைவதை நன்றாகத் தடுக்கும். தெரிந்தவர் யாராவது நெய்வேலிச் சாம்பலை லாரியில் அனுப்புகிறேன் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். நிலக்கரி எரிக்கும் மேட்டூர்ச் சாம்பலும் பழுப்பு நிலக்கரி எரிக்கும் நெய்வேலிச் சாம்பலும் ஒன்றல்ல. பின்னதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், ஆகவே கணக்கும் வேறு.

இடிபாட்டைப் பிரிப்பது

வீடு இடிக்கும் இடத்துக்கே போய் நின்று பொறுக்குவதுதான் புத்திசாலித்தனம். ஜேசிபி எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி லாரியில் போட்ட பிறகு பிரிக்க முடியாது. காலம், பீம், மேல்தளக் காங்கிரீட் தனியாக வேண்டும். செங்கல், பூச்சு, ஓடு, டைல்ஸ் தனி.

காங்கிரீட் துண்டிலிருந்து வரும் ஜல்லிக்கும் செங்கல் கலந்த இடிபாட்டுக்கும் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரக்குறியீடான ஐஎஸ் 383 தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. 2016 பதிப்பின்படி, காங்கிரீட்டை உடைத்த ஜல்லியைக் கம்பி இல்லாத காங்கிரீட்டில் மொத்த ஜல்லியில் 25 சதவீதம் வரை போடலாம். கம்பி போட்டதில் 20 சதவீதம், அதுவும் எம்25 வரைதான் (எம் பக்கத்து எண் காங்கிரீட்டின் பலத்தைச் சொல்வது). எம்15க்கும் கீழான அடித்தளக் கலவையில் முழுக்க அதையே போடலாம். செங்கல் கலந்த இடிபாடு அந்த அடித்தளக் கலவைக்கு மட்டும்தான், அதன் மேலே போடும் தளத்துக்கு ஆகாது. நம் களத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. கீழே போடும் பி.சி.சி.யில் செங்கல்துண்டு, மேலே போடும் தளத்தில் கால்பங்கு காங்கிரீட் ஜல்லி.

சேரவே கூடாத சில உண்டு. ஃபால்ஸ் சீலிங் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு சட்டி விழுந்தாலும் அதிலிருக்கும் சல்பேட் பின்னால் காங்கிரீட்டை உப்பவைத்து வெடிக்கவைக்கும். மரத்தூள், பெயிண்ட் அடித்த பூச்சு, மண்கட்டி எல்லாம் வெளியே. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடந்தால் சுத்தியலால் தொடவே வேண்டாம். அதன் நார் மூச்சில் போவது எமன். உப்பளத்துப் பக்கம் இடித்த வீட்டுக் காங்கிரீட்டைக் களத்துக்கு எடுத்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள், கம்பி போடும் வேலைக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

பிளாஸ்டிக்கையும் போடலாமா என்று கேட்பார்கள். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் ரோடு பிரபலமானதால் வரும் கேள்வி இது. அங்கே உருகிய பிளாஸ்டிக் சூடான ஜல்லியின் மேல் படிந்து தாரோடு பிடித்துக்கொள்கிறது. சிமெண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அப்படி ஒட்டு கிடையாது. நறுக்கிப் போட்டால் அந்த இடத்தில் ஓட்டை இருப்பதற்குச் சமம்.

பிரித்த காங்கிரீட்டைச் சம்மட்டியாலோ வாடகை கிரஷராலோ உடைத்து, 20 எம்எம் சல்லடையில் சலித்து, அதன் பிறகு 4.75 எம்எம் சல்லடையில் தூளைப் பிரியுங்கள். தூளில் பழைய சாந்துதான் அதிகம் இருக்கும். அதை மணலுக்குப் பதிலாகப் போட வேண்டாம், பேஸ்மென்ட் நிரப்ப வைத்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான சோதனை. இந்த ஜல்லியின் மேல் பழைய சாந்து ஒட்டிக்கொண்டே இருக்கும், அது தண்ணீர் குடிக்கும். வெயிலில் நன்றாகக் காய்ந்த ஜல்லி 5 கிலோ எடுங்கள். ஒரு நாள் முழுக்க வாளியில் ஊறவையுங்கள். வெளியே எடுத்து, மேல் ஈரம் போகக் கோணிச்சாக்கில் துடைத்து மறுபடி எடை போடுங்கள். 250 கிராம் கூடியிருந்தால் 5 சதவீதம் குடித்திருக்கிறது. இடித்த காங்கிரீட்டுக்கு இது வழக்கமான அளவுதான், புதுக் கருங்கல் ஜல்லி ஒரு சதவீதம் குடித்தாலே அதிகம். இந்தத் தண்ணீரை முன்கூட்டியே கொடுக்காவிட்டால் கலவையிலிருந்து திருடிக்கொள்ளும். கொட்டிய பத்தாவது நிமிடம் கலவை இறுகிப்போய், கொத்தனார் “அண்ணே, இன்னும் ஒரு வாளி விடட்டுமா?” என்று கேட்பார். அந்த ஒரு வாளியில்தான் களம் கெடுகிறது.

ஆகவே முந்தைய நாளே ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, நிழலில் பரப்பி, மேல் பளபளப்பு போனதும் எடுங்கள். உள்ளே ஈரம், வெளியே உலர்வு. அந்தப் பதம்.

ஒரு மூட்டைக் கணக்கு

எம்20 கலவைக்கு ஐஎஸ் 456 (காங்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு) சொல்லும் சாதாரண விகிதம், 50 கிலோ சிமெண்டுக்கு மணலும் ஜல்லியும் சேர்த்து 250 கிலோ, தண்ணீர் அதிகபட்சம் 30 லிட்டர். அதை நம் பொருளுக்கு மாற்றினால் இப்படி வரும்:

- ஓபிசி சிமெண்ட் 45 கிலோ, அரைத்த உமிச் சாம்பல் 5 கிலோ (அல்லது சாம்பல் இல்லாமல் பிபிசி 50 கிலோ)
- எம்-சாண்ட் 83 கிலோ
- புது 20 எம்எம் ஜல்லி 125 கிலோ
- ஊறவைத்த பழைய ஜல்லி 42 கிலோ (காய்ந்த எடையில்)
- தண்ணீர் 25 லிட்டர்
- பிளாஸ்டிசைசர், கேனில் போட்டிருக்கும் அளவு

30 லிட்டர் அனுமதி இருக்கும்போது நான் 25 சொல்வது வேண்டுமென்றேதான். பழைய ஜல்லியால் குறையும் பலத்தைத் திரும்ப வாங்க மலிவான வழி தண்ணீரைக் குறைப்பது. உமிச் சாம்பல் தண்ணீர் கேட்கும் பொருள் என்பதால் பிளாஸ்டிசைசர் இல்லாமல் 25 லிட்டரில் கலவை ஓடாது. மணலில் இருக்கும் ஈரத்தையும் கழிக்க வேண்டும். நனைந்த எம்-சாண்டில் 5 சதவீத ஈரம் இருந்தால், 83 கிலோவில் 4 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டது. அன்றைக்கு ஊற்ற வேண்டியது 21 லிட்டர்தான்.

சாம்பல் 10 சதவீதத்தில் நிற்கட்டும். அதிகம் போட்டுப் பார்த்தேன், நன்றாக வந்தது என்பவர்களிடம் லேப் இருக்கும். கைப்பிடி, சட்டிக் கணக்கும் உதவாது. அரைத்த சாம்பல் சிமெண்டை விட எடை லேசு, ஒரே சட்டி சாம்பலும் சிமெண்டும் ஒரே எடை இருக்காது. நெல் மூட்டை நிறுக்கும் தராசு வீட்டில் இருக்குமே, முதல் கலவைக்கு எல்லாவற்றையும் அதில் நிறுத்து, மரப்பெட்டியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த கலவைக்குக் கோடு பார்த்து நிரப்பினால் போதும்.

1000 சதுர அடிக்கு 4 அங்குலம் என்றால் சுமார் 9.4 கன மீட்டர் காங்கிரீட். ஏறத்தாழ 68 மூட்டைக் கலவை. சாம்பல் போட்டால் கிட்டத்தட்ட 7 மூட்டை சிமெண்ட் மிச்சம், கால் டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடும் மிச்சம். புது ஜல்லியில் மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்தே வாங்குங்கள்.

அடித்தளம்

டெல்டாக் களிமண் கோடையில் கைவிரல் போகும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். மேல்மண்ணை எடுத்துவிட்டு, கிராவல் அல்லது மணல் அரை அடி போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டிக்க வேண்டும். அதன் மேல் 3 அங்குலத்துக்கு 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) பி.சி.சி. இங்கே செங்கல்துண்டு, காங்கிரீட் துண்டு எல்லாம் முழுக்கப் போகலாம். செங்கல் மிக அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் என்பதால் அதையும் ஊறவைத்தே போடுங்கள். 100 அடிக்கு ஓரடி சரிவு வாய்க்கால் பக்கமாக இப்போதே வந்துவிட வேண்டும், மேலே போடும் தளத்தில் சரிசெய்து கொள்ளலாம் என்று விடக் கூடாது.

கலப்பதும் போடுவதும்

தண்ணீர் குடிக்கலாம் என்கிற அளவுக்கு இருந்தால் கலவைக்கும் ஆகும். கடலோரத்தில் போர்த் தண்ணீர் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்து டெஸ்ட் கொடுங்கள். ஐஎஸ் 456 கணக்கில் கம்பி இல்லாத காங்கிரீட்டுக்கு ஒரு லிட்டரில் 2000 மில்லிகிராம் குளோரைடு வரை பரவாயில்லை, கம்பி இருந்தால் 500தான்.

கையால் கலக்காமல் மிக்சர் மெஷின் எடுங்கள். சாம்பலைச் சிமெண்டோடு முதலிலேயே உலர்ந்த நிலையில் ஒரே நிறமாகும் வரை கலந்து வையுங்கள். மிக்சரில் ஜல்லிகளும் மணலும் போட்டுப் பாதித் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் சுற்றவிட வேண்டும். பிறகு சிமெண்டுக் கலவை. பிளாஸ்டிசைசர் கலந்த மீதித் தண்ணீர் கடைசியில். இந்த வரிசையில் போனால் பழைய ஜல்லியின் வெடிப்பு, துளைகளில் முதலில் கெட்டியான சிமெண்டுப் பால் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்லம்ப் கோனில் (கலவையின் இளக்கத்தைப் பார்க்கும் கூம்பு அச்சு) பார்த்தால் 50 முதல் 75 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். கோன் இல்லையென்றால், மண்வெட்டியில் எடுத்த கலவை தானாக வழியாமல், தட்டினால் மட்டும் பரவ வேண்டும்.

10 அடிக்கு 10 அடி கட்டங்களாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று போடுங்கள். பி.சி.சி.யின் மேல் பாலித்தீன் ஷீட் விரித்தால் தளம் தாராளமாகச் சுருங்கும், விரிசல் கட்டத்தின் ஓரத்தோடு நிற்கும். டிராக்டர் ஏறும் பாதை மட்டும் 6 அங்குலம் இருக்கட்டும். வைப்ரேட்டர் அல்லது ஸ்க்ரீட் வைத்துக் காற்று போக்கி மட்டம் எடுங்கள். மேலே கசியும் தண்ணீர் மறைந்த பிறகுதான் மரமட்டம், அதற்குப் பிறகு கரணை. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று சிமெண்டுத் தூளைத் தூவி இழுப்பது பல கொத்தனார்களின் கைப்பழக்கம். அந்தத் தோல் ஒரே போகத்தில் உரிந்து நெல்லோடு கலக்கும். கண்டிப்பாகத் தடுங்கள்.

ஈரம்

சாம்பல் கலந்த காங்கிரீட் மெதுவாகப் பலம் ஏறும். அதுவரை ஈரம் காய விடக் கூடாது. ஐஎஸ் 456 சாம்பல் கலந்தால் குறைந்தது 10 நாள் என்கிறது, நம் வெயிலுக்கு 14 நாள் வையுங்கள். களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாள் மட்டும் நனைத்த சாக்கு போதும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடிவிடுவார்கள் என்பதால், அறுப்புக்குப் பிறகு மாசி, பங்குனியில் களம் போடுகிறவர்கள் வாய்க்காலை நம்பாமல் போர்த் தண்ணீருக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கியூப் போட்டுப் பார்ப்பது

இதை விட்டுவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் நம்பிக்கைதான். களம் போடுவதற்கு ஒரு மாதம் முன்பே, 150 மில்லிமீட்டர் அச்சில் இரண்டு வகைக் கியூப் போடுங்கள். ஒன்று புதுப்பொருள் மட்டும் போட்ட சாதாரணக் கலவை, மற்றொன்று நம் கலவை. வகைக்கு 6 கியூப். மூன்றை 7 நாளிலும் மூன்றை 28 நாளிலும் பக்கத்துப் பாலிடெக்னிக்கிலோ இன்ஜினியரிங் கல்லூரி சிவில் லேபிலோ உடைத்துப் பாருங்கள். எடுத்துப் போகும் நாள் வரை தண்ணீரில் மூழ்கியே இருக்கட்டும். ஒரு கியூப் எட்டுக் கிலோ பக்கம் இருக்கும், நம்முடையது கொஞ்சம் லேசாக இருந்தால் கவலை வேண்டாம்.

7 நாள் ரிசல்ட் சாதாரணக் கலவையை விடக் குறைவாக வந்தாலும் பதற வேண்டாம், 28ஆம் நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எம்20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், அதாவது மெஷின் 450 கிலோ நியூட்டனைத் தாண்டிய பிறகே கியூப் உடைய வேண்டும். மூன்றின் சராசரி 24, 25 வந்தால் தைரியமாகக் களம் போடலாம். 20ஐத் தொட்டும் தொடாமலும் வந்தால் முதலில் சாம்பலின் நைசைச் சந்தேகப்படுங்கள், அடுத்து தண்ணீரை. இரண்டும் சரி என்றால் பழைய ஜல்லியைப் பாதியாகக் குறைத்து மறுபடி போடுங்கள். மூன்றில் ஏதாவது ஒரு கியூப் சராசரியை விட 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ வந்தால் அச்சில் குத்திய விதத்தில் கோளாறு, அந்த ரிசல்ட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். களம் போடும் அன்றும் மறக்காமல் மூன்று கியூப் எடுத்து வையுங்கள்.

ஈரம் விட்ட 14 நாள் முடிந்ததும் நெல் பரப்பலாம், ஆள் நடக்கலாம். டிராக்டரை 28 நாளுக்கு முன் ஏற்றாதீர்கள். கட்டங்களுக்கு நடுவே உள்ள இடுக்கைச் சுத்தம் செய்து தார் ஊற்றி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நெல் அதில்தான் போய் உட்காரும். உடைத்தது போக மிஞ்சிய இடிபாட்டைத் திரும்ப வாய்க்கால் கரையில் தள்ளவும் கூடாது. கட்டுமானக் கழிவுகளுக்கான விதிகளின்படி வடிகால் அடைபடும்படி கொட்டுவது குற்றம், தவிர அடுத்த மழையில் தண்ணீர் தேங்கப்போவது நம் வயலில்தான்.